இறக்கி வைத்த இன்ஜின்

வேலையை விட்ட பிறகு டைட்டஸுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஃபிட்டராக இருந்தவன். தையல் மெஷினோ பிரஸ்ஸோ நின்றுபோனால் அவனைத்தான் தேடுவார்கள். மனைவி கரோலின் நர்ஸ். அயர்லாந்தில் லிமரிக் என்ற ஊரில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்து, போன மழைக்காலத்தில் விமானம் ஏறினாள். "உங்களுக்கும் சீக்கிரமே வந்துடும் சார்" என்று விசா ஏஜென்ட் சொன்னதை நம்பி, அவள் போன கையோடு இவனும் ராஜினாமா கொடுத்துவிட்டான். கோடை வந்தது, விசா வரவில்லை.

காலையில் கம்பெனி பஸ்கள் தெருமுனையில் நின்று பெண்களை ஏற்றிக்கொள்ளும் சத்தத்துக்கு உடம்பு தானாக எழுந்துகொள்ளும். எழுந்து என்ன செய்வது? துடைத்த ஸ்டவ்வையே மறுபடி துடைப்பான். மொட்டைமாடிக்குப் போவான், தோல் பதனிடும் டேனரிகளின் வாடை காற்றில் ஏறியதும் இறங்கி வந்துவிடுவான். ஃபோனை எடுத்துப் பார்ப்பான், வைப்பான். ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்து வெளியே வந்தால் யாராவது ஒருவர், "இன்னாப்பா, இன்னும் கிளம்பலையா?" என்பார்கள். கடைசிப் பாட்டுக்கு எல்லாரும் எழும்போதே நழுவிவிடப் பழகிக்கொண்டான்.

அப்படி நழுவி வந்த ஒரு ஞாயிறன்றுதான் ஜீப்பின் பானெட்டைத் திறந்தான்.

பழைய டீசல் ஜீப். அவனும் தபரேஸும் கூட்டாக வாங்கியது. தபரேஸ் பள்ளிக்கூடத்து நாளிலிருந்து கூட்டாளி. ஷூவுக்குத் தோல் வெட்டுகிற அச்சுகளைச் செய்து கொடுக்கும் பட்டறை வைத்திருக்கிறான். ஜீப் நிற்பது டைட்டஸ் வீட்டுப் பின்பக்க ஷெட்டில். கொஞ்ச காலமாக ஏலகிரி மேட்டில் ஏறினால் பின்னால் நீலப்புகை கிளம்பியது. ஆயில் கண்டபடி குறைந்தது.

"பிஸ்டன் ரிங் போயிடுச்சு. இன்ஜினை இறக்கணும்" என்றான் டைட்டஸ், தபரேஸிடம்.

"ஊருக்குப் போறவன் நீ. இப்ப எதுக்குடா அதை அவுக்குற? நீ போனப்புறம் நான் யார்கிட்டயாச்சும் விட்டுப் பாத்துக்கறேன்."

"சும்மாதானே இருக்கேன்."

ரேடியேட்டரை இறக்கினான். ஹோஸ்களைக் கழற்றினான். எந்த ஒயர் எங்கே போகிறது என்று துண்டுக் காகிதம் ஒட்டி வைத்தான். சைலன்சரில் ஒரு நட்டு துருவேறி அசைய மறுத்தது. மண்ணெண்ணெய் விட்டு, சூடு காட்டி, சுத்தியலால் தட்டித் தட்டி ஒரு பகல் முழுக்க அதனோடு மல்லுக்கட்டினான். அந்தப் பகலில் ஃபோன் ஞாபகமே வரவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டான்.

தபரேஸ் தன் பட்டறையிலிருந்து கனம் தூக்கும் செயின் பிளாக் கொண்டுவந்து ஷெட்டின் குறுக்கு இரும்புக் கர்டரில் மாட்டினான். சங்கிலியை இழுக்க இழுக்க, கியர் பாக்ஸை விட்டுப் பிரிந்து இன்ஜின் மெல்ல மேலேறி, கறுத்த ஆயில் சொட்டிக்கொண்டு அந்தரத்தில் ஆடியது. மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே நினைத்ததைவிட மோசம். ரிங் ஒன்று உடைந்திருந்தது, பிஸ்டன் ஓடும் லைனர் தேய்ந்திருந்தது, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டில் விரல் வைத்தால் கீறல் தட்டியது. புது ரிங்கும் லைனரும் வாங்கி, கிராங்கைத் தேய்த்துச் சீராக்க ராணிப்பேட்டையில் கிரைண்டிங் கொடுத்தார்கள். அது வரும்வரை இவன் ஒவ்வொரு சாமானாக டீசலில் கழுவினான். கழுவியதைத் திரும்பவும் கழுவினான்.

கரோலின் வீடியோவில் கூப்பிடும்போது பிஸ்டனைத் தூக்கிக் காட்டுவான். பேரிங் பற்றிச் சொல்வான். யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவள் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"சாப்டீங்களா?" என்பாள்.

"ஆச்சு. நீ?"

"ம்" என்று சிரிப்பாள். அதோடு முடியும்.

கிராங்க் திரும்பி வந்த அன்று காலையிலேயே அவள் அழைப்பு வந்தது. வழக்கமான நேரமில்லை.

"வந்துடுச்சுங்க. உங்க விசா வந்துடுச்சு."

"அப்படியா" என்றான். கண் கிராங்கின் மேலேயே இருந்தது. சந்தோஷம் இப்படி இருக்காதே என்று பட்டது.

"டிக்கெட் போட்டுடவா?"

"இன்ஜின் தெறந்து கெடக்குது கரோ. இதை மூடாம..."

"அடுத்த வாரக் கடைசிக்குப் போடறேன். அதுக்குள்ள மூடிடுவீங்க இல்ல?"

"மூடிடுவேன்."

அன்றிலிருந்து கைக்கும் மனதுக்கும் ஒட்டவில்லை. கிராங்கை உட்கார வைத்துவிட்டுப் பெட்டி அடுக்க வீட்டுக்குள் ஓடுவான். பெட்டியைத் திறந்ததும் ரிங் இடைவெளியைச் சரியாக வைத்தோமா என்ற சந்தேகம் வந்து ஷெட்டுக்கு ஓடுவான். இறுக்கிய போல்ட்டையே மறுபடி இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சால் இறுக்கிப் பார்ப்பான். கம்பெனியில் எத்தனையோ மெஷின்களைப் பிரித்துப் பூட்டியவன், ஸ்பானரை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டே திரிந்தான். எப்படியோ பூட்டி, இன்ஜினை ஜீப்பில் இறக்கி, ஆயிலும் தண்ணீரும் ஊற்றி, தபரேஸை வரச்சொன்னான்.

சாவியைத் திருப்பியதும் இன்ஜின் இருமி, பிடித்துக்கொண்டது. தபரேஸ் கை தட்டினான். டைட்டஸ் ஆயில் பிரஷர் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். முள் அசையவில்லை. சட்டென்று நிறுத்திவிட்டான்.

"இன்னாச்சு?"

"ஆயில் ஏறல. இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தா கிராங்க் காலி."

மீட்டரில்தான் கோளாறோ என்று வேறு மீட்டர் மாட்டி, ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றிப் பார்த்தான். அதிலும் முள் கிடந்த இடத்திலேயே கிடந்தது. ஜீப்பின் அடியில் படுத்து, ஊற்றிய ஆயிலை வடித்து, அடித்தொட்டியைக் கழற்றி, ஆயில் பம்பை இறக்கினான். பம்ப் உட்காரும் இடத்தில், ஆயில் மேலேறும் துளைக்குள் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தான். நீளமாக வந்தது ஒரு பனியன் துணி. இன்ஜின் பிளாக் காலியாகக் கிடந்தபோது உள்ளே தூசி போகாமலிருக்க அவனே அடைத்தது.

வெளியே தவழ்ந்து வந்து தரையில் உட்கார்ந்தான். துணி கையிலேயே இருந்தது. தபரேஸ் சிரிக்கவில்லை. பக்கத்தில் குந்தினான்.

"ஒன்னு சொல்லட்டா? கோச்சுக்காத. உனக்குப் போக மனசில்ல. இதை நீ அவுத்தப்பவே எனக்குத் தோணுச்சு."

டைட்டஸ் மறுக்கப் போனான். பிறகு கையிலிருந்த துணியைச் சுருட்டத் தொடங்கினான்.

"அங்க போய் நான் இன்னாடா பண்ணுவேன்?" என்றான் கடைசியில். "நர்ஸ் புருஷன்னு வீட்ல உக்காரணும். எவனாச்சும் ஸ்பானர் குடுப்பானா, இல்ல முதியோர் ஹோம்ல கெழவங்களைக் குளிப்பாட்டச் சொல்வானா, ஒன்னுமே தெரியல. இங்க உக்காந்தே எனக்குப் பைத்தியம் புடிக்குது."

"இதையெல்லாம் எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? அவகிட்ட சொல்லு."

தபரேஸ் போனபின் கரோலினைக் கூப்பிட்டான். துணி கிடைத்த கதையைச் சொன்னான். அதே மூச்சில், "எனக்குப் பயமா இருக்கு கரோ" என்றான். இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாமா என்று கேட்டான்.

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் கேமராவை அணைத்துவிட்டாள். குரல் மட்டும் வந்தது.

"நான் உங்ககிட்ட சொல்லல. லீவு நாள்ல நான் ஜன்னல்கூட தெறக்கறதில்ல. சமைக்கறதில்ல. டியூட்டி ரூம்ல எல்லாரும் சிரிக்கறப்ப எனக்கு எதுவும் புரியறதில்ல. நீங்க பிஸ்டனைக் காட்டறப்ப இவராச்சும் நல்லா இருக்காரேன்னு நெனச்சுக்குவேன்." நிறுத்தினாள். "வர வேணாம்னா வேணாம். நான் வந்துடறேன். ஆனா இப்படியே இழுக்காதீங்க. என்னால முடியல."

பிஸ்டனும் பேரிங்கும் காட்டிய இத்தனை நாளில் அவள் முகத்தை ஒருமுறைகூடச் சரியாகப் பார்க்கவில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"டிக்கெட் அப்படியே இருக்கட்டும். வர்றேன்" என்றான். பயம் போய்விடவில்லை. இருந்தாலும் சொன்னான்.

மறுநாள் நிதானமாகப் பூட்டினான். ஒவ்வொரு துளைக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்தான். இம்முறை முள் விறுவிறுவென ஏறி நின்றது. தபரேஸ் ஓட்ட, பக்கத்தில் இவன் உட்கார்ந்து பள்ளிகொண்டா வரை போய் வந்தார்கள். புகை இல்லை. தபரேஸ் என்னென்னவோ பேசிக்கொண்டு வந்தான்; இவன் காது முழுக்க இன்ஜினில் இருந்தது.

"ஆயிலைச் சீக்கிரமே ஒருதரம் மாத்திடு. புது ரிங்கு, வெரட்டாத."

"நூறு தடவ சொல்லிட்ட."

விமானத்திலும் அவனால் உட்கார முடியவில்லை. நடைபாதையில் இப்படியும் அப்படியுமாக நடந்து, பணிப்பெண்ணிடம் இரண்டு முறை பேச்சு வாங்கினான். இறங்கி வந்தபோது, விமான நிலைய வாசலில் கரோலின் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இளைத்திருந்தாள். அருகில் வந்து, அவன் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். நகக்கண்களில் கறுப்பு அப்படியே இருந்தது.

"சோப்பு போட்டுத் தேய்ச்சீங்களா இல்லையா?"

"தேய்ச்சேன். போகல."

அவள் கையை விடவில்லை. இருவரும் பஸ் நிற்குமிடம் தேடி நடந்தார்கள்.