யாருடைய ஆள்

இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் புயல் சேதத்தை மதிப்பிடக் கூரை ஏறி, அங்கிருந்து விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டவர், கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குள் வந்தார். கையில் வரி அலுவலகக் கடிதம். வந்த அன்று அதைச் சனியன் என்று திட்டியவர், இன்று பத்திரமாக உறையில் போட்டு எடுத்து வந்திருந்தார். இந்த மாதத்துக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் கால் மடங்கவே மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். செலவைக் கம்பெனி ஏற்றால்தான் உண்டு.

"பாருங்க சார். எத்தனை மணிக்கு வரணும், எந்த வீட்டுக்குப் போகணும், எல்லாம் நீங்கதான் சொல்றீங்க. அதனால நான் உங்க ஊழியன்தானாம். பெட்ரோல், ஏணி எதையும் சொந்தத் தொழில் செலவுன்னு கழிக்கக் கூடாதாம். அரசாங்கமே சொல்லிடுச்சு."

மேனேஜர் கடிதத்தைத் தொடக்கூட இல்லை. இழுப்பறையிலிருந்து ஏழு வருஷத்து வரிப் படிவ நகல்களை எடுத்துப் போட்டார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போதெல்லாம் இவரே கொடுத்தவை. எல்லாவற்றிலும் 'சொந்தத் தொழில்' என்று இவர் கையெழுத்து. நாலு காசு மிச்சம் பிடிக்கப் போய், கம்பெனி பெயர் போட்ட சட்டையைக்கூடத் தன் தொழில் செலவு என்று எழுதிவைத்த மகா புத்திசாலி.

"அங்கே நான் ஊழியன், இங்கே முதலாளியா சார்?"

"அப்படித்தான் வச்சுக்கோங்களேன்." மேனேஜர் குச்சியால் பல் குத்தி, அதன் நுனியைப் பார்த்துவிட்டு மறுபடி வாயில் வைத்தார்.

"இன்னொண்ணு. நீங்க விழுந்ததுல வீட்டுக்காரரோட ஓடு பதினேழு நொறுங்கியிருக்கு. ஏணியும் உங்களுது, பொறுப்பும் உங்களுது. அதுக்கு நீங்கதான் தரணும். மதிப்பீடுகூட வந்தாச்சு."

மதிப்பீட்டின் அடியில் இவருடைய மச்சினனின் கையெழுத்து. அவனும் இதே வேலைதான். அன்று கூட வந்தவன், "அத்தான், அத்தான்" என்று அழுதுகொண்டே இவரை வண்டியில் ஏற்றியவன். இணைத்திருந்த படத்தில் உடைந்த ஓடுகள் ஒன்றுவிடாமல் தெரிந்தன. ஓரத்தில் ஒரு கால், கோணலாகக் கிடந்தது. இவரைத் தூக்குவதற்கு முன்னால் எடுத்த படம்.

காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. மச்சினன் முகத்தை நினைத்துக்கொண்டார், எச்சில் வாய் வரை வந்தது. ஆனால் அவன் இடத்தில் இருந்திருந்தால் இவரும் முதலில் ஓடுகளைத்தான் எண்ணியிருப்பார். விழுங்கினார்.