தாழ் போடாத கதவு

தேனி பஜாரில் எனக்குப் பெயிண்ட் கடை. வாரம் ஒருநாள் கடையை மகன் ஸ்டீவனிடம் விட்டுவிட்டுச் சிறைக்குப் போவேன். விடுதலையாகப் போகிற கைதிகளுக்கு வெளியுலகத்தைச் சொல்லிக்கொடுக்கிற வேலை. செல்போனில் பணம் அனுப்புவது, பேங்கில் பேசுவது, வேலை கேட்டுப் போய் நிற்பது. சம்பளம் கிடையாது, வீட்டில் திட்டு உண்டு.

மார்க்கையன்கோட்டை கர்ணன் ஆயுள் கைதி. எதையும் சட்டென்று பிடித்துக்கொள்வான். ஒரு பழக்கம் மட்டும் போகவில்லை. வகுப்பு முடிந்ததும் கதவருகே போய்க் கைகட்டி நிற்பான், யாராவது திறந்துவிட வேண்டும். உள்ளே வந்த நாளிலிருந்து எந்தக் கதவையும் அவன் தன் கையால் திறந்ததில்லை. உன் வீட்டுக் கதவையும் வார்டர் வந்துதான் திறக்கணுமா என்று கேலி செய்வேன். சிரிப்பான்.

அவன் பயமெல்லாம் பெண்டாட்டி மாரீஸ்வரியைப் பற்றித்தான். மாதம் தவறாமல் பார்க்க வந்தவள் திடீரென்று நிறுத்திவிட்டாள். வெறுத்துவிட்டாளோ என்று மருகினான். நான் விசாரிக்கப் போனேன். பக்கவாதம் வந்து கட்டிலில் கிடந்தாள், பேச்சு குழறியது. பக்கத்து வீட்டு அய்யம்மாள்தான் கஞ்சி ஊட்டினாள்.

"அவுககிட்ட சொல்லிராதீக அண்ணாச்சி. உள்ள இருந்து நொந்து போவாக. கதவு சும்மா சாத்தித்தான் கெடக்கும். தள்ளிட்டு வரட்டும்" என்றாள் மாரீஸ்வரி.

உனக்காகக் காத்திருக்கிறாள் என்று மட்டும் அவனிடம் சொன்னேன்.

விடுதலையன்று சாயங்காலம் அவனை அவன் வீட்டுத் தெருமுனைவரை கூட்டிவந்தேன். புருஷன் பெண்டாட்டி பார்த்துக்கொள்கிற இடத்தில் எனக்கென்ன வேலை? திரும்பிவிட்டேன்.

மறுநாள் காலையில் யாரிடமோ போன் வாங்கிப் பேசினான். சின்னமனூர் பஸ் ஸ்டாண்டில் இருந்தான்.

"நா வாசல்ல நின்னது அவளுக்குத் தெரியும் அண்ணாச்சி. செருமிக்கூடக் காட்டுனேன். அவ தொறக்கல."

கதவைத் தள்ளு என்று எவனாவது பாடம் நடத்துவானா? பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தேன். வழியெல்லாம் திட்டிக்கொண்டே அவனை ஏற்றிப்போனேன். அவள் படுத்த படுக்கையாகக் கிடப்பதையும் சொன்னேன்.

வாசலில் கூட்டம். அய்யம்மாள் தலையிலடித்துக்கொண்டு சொன்னாள். காலையில் கஞ்சியோடு வந்தபோது மாரீஸ்வரி கட்டிலில் இல்லை, நிலைப்படியருகே குப்புறக் கிடந்தாள். தவழ்ந்தே அவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். 'அவுக வந்து நிக்கிறாக, தொறந்து விடு' என்றாளாம். அதற்குப் பிறகு பேச்சில்லை, மூச்சுமில்லை.

கதவு விரியத் திறந்திருந்தது. தெருவே உள்ளே போய்வந்துகொண்டிருந்தது. கர்ணன் மட்டும் வாசற்படிக்கு வெளியே கைகட்டி நின்றான். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"இப்ப உள்ள போலாமா அண்ணாச்சி?"