தண்ணிக் குளிசை

ஆயிரத்து இருநூற்று அறுபது பவுண். சீட்டுப் பிடிக்கிற பிலோமினம்மாவுக்கு றூபினி கொடுக்க வேண்டிய காசு அவ்வளவு. வீட்டு அட்வான்சுக்கென்று சீட்டை முன்னமே எடுத்துவிட்டாள். பிறகு மாதம் நூற்றியெண்பதைக் கட்ட வழியில்லாமல் ஏழு மாதம் போய்விட்டது. மற்றவர்களுக்குக் கொடுத்த வாக்குப் பிசகக் கூடாது என்று பிலோமினம்மாதான் தன் கைக்காசைப் போட்டு அந்த ஏழு மாதத்தையும் கட்டியிருந்தார்.

எல்லாம் படிப்பால் வந்தது. பதினொரு வருடம் ஆஸ்பத்திரியில் உதவியாளராகக் கழுவித் துடைத்தவள், நாற்பத்துநாலாம் வயதில் நேர்சிங் அசோசியேட் படிப்பில் சேர்ந்தாள். இரண்டு வருடம். அதை முடித்து இன்னும் மேலே படித்தால்தான் பதிவு பெற்ற நேர்ஸ் ஆகலாம். வகுப்பு நாட்கள் வந்து மேலதிக ஷிப்டைத் தின்றன. ஷிப்ட் போகச் சீட்டுக்காசும் போயிற்று. பஸ்ஸில் நின்றபடியே நித்திரை கொள்ளப் பழகிவிட்டாள்.

மிஞ்சியிருந்தது மருந்துச் சோதனை. ஒரு வார்டின் காலை மருந்தைப் பிழையில்லாமல் கொடுத்துக் காட்ட வேண்டும். முதல் தரம், நோயாளியின் கைப்பட்டியில் பெயரைப் பார்க்காமல் மருந்தை நீட்டித் தோற்றாள். இது இரண்டாம் தரம். மூன்றாவது கிடையாது.

அன்று ஆறாம் கட்டிலில் பிலோமினம்மா படுத்திருந்தார். இருதயம் பலவீனம், கால் இரண்டும் வீங்கியிருந்தன.

மருந்து வண்டியை விட்டுவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது றூபினிக்கு. தெரிந்த ஆள் என்று, கண்காணிக்க வந்த நேர்ஸ் கிரேஸிடம் சொல்லியிருக்கலாம். என்னவென்று சொல்வது? இவவுக்கு நான் கடன் என்றா?

“அட, நீயே பிள்ளை! போன் அடிச்சா எடுக்கிறேல்லை. நான் ஆஸ்பத்திரியிலை விழுந்தாத்தான் உன்ரை முகத்தைக் காணலாம் போல.”

“இண்டைக்கு எனக்குச் சோதினை அன்ரி. பிறகு வந்து கதைக்கிறன். முதல்லை இதுகளைப் போடுங்கோ.”

“நாலு குளிசையைப் போட்டிட்டன். இந்தச் சின்னதை வைச்சிட்டுப் போ. தேத்தண்ணி வரட்டும்.”

விழுங்கும் வரை பக்கத்தில் நிற்க வேண்டும். அதுதான் சட்டம். அந்த நேரம் பார்த்து எதிர்க்கட்டில்காரி எழும்பித் தள்ளாட, கிரேஸ் பிடிக்க ஓடினாள். வேறு யாராக இருந்தாலும் றூபினி நின்றிருப்பாள். வாங்கின காசைத் திருப்பாதவள், அந்த முகத்துக்கு முன்னால் நின்று ‘வாயைத் திறந்து காட்டுங்கோ’ என்று எப்படிக் கேட்பது? குளிசைக் கோப்பையை மேசையில் வைத்தாள். கொடுத்தாயிற்று என்று கையெழுத்தையும் வைத்தாள்.

எல்லாக் கட்டிலும் முடிந்ததும் கிரேஸ் சிரித்தாள். “நன்றாகச் செய்தாய். ஏதாவது குடித்துவிட்டு வா, சோதனைத் தாளை நிரப்புவோம்.”

றூபினியின் கால் ஆறாம் கட்டிலுக்குத்தான் போயிற்று. தேத்தண்ணி குடித்தாகிவிட்டது. குளிசைக் கோப்பையும் காலி. தலையணை ஓரத்தில் ஒரு கசங்கிய ரிசூக் கடதாசி. எடுத்து விரித்தாள். உள்ளே வெள்ளைக் குளிசை, எச்சில்கூடப் படாமல்.

“அன்ரி!”

“கத்தாதை. அது தண்ணிக் குளிசை. போட்டா அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா மூத்திரத்துக்கு எழும்ப வேணும். பெல் அடிச்சா ஆர் வாறியள்? முந்தநாள் கட்டிலோடை நனைஞ்சு கிடந்தனான். எழுபத்தொரு வயசிலை எனக்கு இது தேவையே?”

“உங்கடை காலிலை நிக்கிறது அந்தத் தண்ணிதான். நெஞ்சுக்கு ஏறினா மூச்செடுக்க ஏலாது.”

“ஒருத்தருக்கும் சொல்லாதை. மகளுக்குத் தெரிஞ்சா கொண்டுபோய் முதியோர் ஹோமிலை விட்டிடுவாள்.” குரலைத் தாழ்த்தினார். “அந்த ஆயிரத்து இருநூற்று அறுபதையும் விட்டிடுவம். நீயும் பாஸ், நானும் சுகம்.”

றூபினி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஏழு மாதக் காசு ஒரே சொல்லில் போகிறது. சோதனையும் கைக்குள் இருக்கிறது. வீங்கிய காலை விரலால் அமத்தினாள். விழுந்த குழி அப்படியே நின்றது.

“ஏலாது அன்ரி.”

“ஏனடி, விசரே உனக்கு?”

“நாளைக்கு உங்களுக்கு மூச்சு முட்டினா, டொக்டர் என்ரை கையெழுத்தைத்தான் பாப்பார். மருந்து போட்டவதானே எண்டு வேறை வருத்தம் தேடிக்கொண்டு நிப்பார்.”

ரிசூவோடு கிரேஸிடம் போய்ச் சொன்னாள். கடனையும் மறைக்கவில்லை. கிரேஸ் பேனையை மூடித் தாளின்மேல் வைத்தாள்.

“நீ சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது.”

“தெரியும்.”

“சோதனையில் நீ தோல்வி. அதை என்னால் மாற்ற முடியாது.”

பிலோமினம்மா கழிவறைக்கு நடக்கத் தேவையில்லாமல், கட்டிலோடு ஒட்டி மலக்கதிரை ஒன்று வந்தது. மகளுக்கு விஷயம் போயிற்று. ஆனால் அவள் தாயை ஹோமில் விடவில்லை. றூபினியைக் கல்லூரியில் கூப்பிட்டு விசாரித்தார்கள். தானாக வந்து சொன்னபடியால் வெளியே தள்ளாமல், ஆறு மாதம் படிப்பை நிறுத்திவைத்து அடுத்த பிரிவோடு திரும்பவும் சோதனை எடுக்கச் சொன்னார்கள். வகுப்பில்லாத அந்த ஆறு மாதமும் கிடைத்த ஷிப்டை எல்லாம் செய்தாள். மாதம் இருநூற்றுப் பத்தாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஆறாம் மாதம் பிலோமினம்மா கதவைத் திறந்து, வாசலிலேயே நின்று கடைசி இருநூற்றுப் பத்தையும் இரண்டு தரம் எண்ணினார்.

“அண்டைக்கு என்ரை சொல்லைக் கேட்டிருந்தா, இப்ப பாஸ்பண்ணியிருப்பாய்.”

“ஓம் அன்ரி.”

“சரி, போ பிள்ளை. இனி நீ எனக்கு ஒரு சதமும் தரத் தேவையில்லை.”