வெள்ளைத் தாள் செல்லாது

ஆர்வில் டாக்கெட்டுக்கு எண்பத்து மூன்று வயது. நுரையீரலில் பாதி போய்விட்டது. இதயம் நின்றால் நிற்கட்டும், நெஞ்சை அமுக்கி எழுப்ப வேண்டாம் என்று டாக்டரும் அவரும் கையெழுத்திட்ட தாளை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தார். அவர் மனைவி டெல்ஃபீனுக்கு அது கண்ணில் விழுந்த தூசி. பால் எடுக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஆர்வில் மயங்கிச் சரிந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எழுந்து உட்கார்ந்து, வந்தவர்களையே முறைத்தார். வந்த பெண் ஃப்ரிட்ஜைப் பார்த்தாள்.

"சார், இது செல்லாது."

"டாக்டர் கையெழுத்து இருக்கேம்மா!"

"தாள் வெள்ளையா இருக்கே. ஃப்ளோரிடாவுல மஞ்சள் தாள்ல இருந்தாதான் செல்லும். மூச்சு நின்னிருந்தா இந்நேரம் உங்க நெஞ்ச அமுக்கிட்டிருப்பேன்."

"சாகறதுக்கும் கலர் பாக்கறானுங்களா!"

மறுநாளே மஞ்சள் தாள் வாங்க டெல்ஃபீனைக் கடைக்கு அனுப்பினார். இளஞ்சிவப்பில் வாங்கி வந்தாள். அடுத்த நாள் ஆரஞ்சு. "கடையில வெளிச்சமே இல்லய்யா" என்றாள். மூன்றாம் நாள் பச்சை.

ஆர்வில் ஆக்சிஜன் குழாயை மூக்கில் சரிசெய்துகொண்டார்.

"முப்பது வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டினேன். தினம் வாசல்ல நின்னு கையாட்டினியே, எந்தக் கலர் பஸ்ஸுக்குடி ஆட்டின?"

டெல்ஃபீன் பொலபொலவென்று அழுதுவிட்டாள். "அத ஒட்டினா நீ கெளம்பிடுவியோன்னு பயமா இருக்குய்யா."

"கெளம்பறதுக்கு அது என்ன டிக்கெட்டா? போற நேரத்துல வெலாவெலும்பு நொறுங்கக் கூடாது, அவ்வளவுதான்."

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மஞ்சள் தாள் ஐந்நூறு கொண்ட கட்டாகத்தான் கிடைத்தது. முழுக் கட்டையும் கிளினிக்குக்குத் தூக்கிப் போனாள். கையெழுத்திட்ட தாளை மஞ்சளில் நகலெடுத்தாலே போதும் என்றார்கள். மிச்சம் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது. விஷயம் அவர்கள் குடியிருந்த டிரெய்லர் பார்க்கில், வரிசையாக நின்ற வண்டிவீடுகள் முழுவதும் பரவியது. சனிக்கிழமை காலை பதினேழு கிழடுகள் வெள்ளைத் தாள்களோடு வாசலில் நின்றன.

"வரிசையா வாங்க! முந்திப் போய்டலாம்னு பாக்கறியா, ஹோமர்?" என்று இரைத்து இரைத்து அதட்டினார் ஆர்வில். டெல்ஃபீன் ஆளுக்கொரு தாளும் ஒரு துண்டு எலுமிச்சை கேக்கும் கொடுத்தாள். பார்க்குக்கே அன்று திருவிழா.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம், நாற்காலியிலேயே, ஆர்விலின் மூச்சு நின்றது. பதறிப்போன டெல்ஃபீன் ஆம்புலன்ஸை அழைத்துவிட்டாள். அதே பெண்தான் வந்தாள். பெட்டியைத் திறந்தவளின் தோளை டெல்ஃபீன் தொட்டு, ஃப்ரிட்ஜைக் காட்டினாள்.

அவள் படித்துப் பார்த்தாள். பெட்டியை மூடினாள். மகள் வந்து சேரும்வரை டெல்ஃபீனின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.