மாமாவின் கழுத்து விசில்

"மாமா, அந்த விசிலைக் குடுங்க."

எங்கள் வீட்டில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். மாமா கழுத்தில் தொங்கும் ஆரஞ்சு விசிலை மட்டும் கேட்கக் கூடாது. நடக்கப் பழகும்போதே எனக்குச் சொல்லப்பட்ட சட்டம். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் நான், படித்ததும் சட்டம்தான். கேட்டுவிட்டேன்.

துறைமுகத்தில் கயிறு கட்டும் ஆட்களுக்கு மாமா மேஸ்திரி. கப்பலிலிருந்து வீசும் கயிற்றை, அவர் விசில் கேட்டால்தான் அவர்கள் தொடுவார்கள். கவிழ்ந்த அகதிப் படகிலிருந்து ஆட்களை அள்ளிக்கொண்டு வந்த கப்பலொன்று இப்போது கரைக்கு எதிரே காத்து நிற்கிறது. உள்ளே கைக்குழந்தைகள். மாமாவோ வீட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறார்.

"துறைமுக அதிகாரி போன் பண்ணிட்டாரு. அந்தக் கப்பலைக் கட்டக் கூடாதாம்."

"எழுத்துல குடுத்தாரா?"

"வந்துட்டாம்மா வக்கீலம்மா! ஒரு பட்டம் வாங்கினதும் துறைமுகத்தையே உன் பேருக்கு எழுதி வெச்சுட்டாங்களாக்கும்?"

"கரையேத்தாதேன்னு எழுதிக் கையெழுத்துப் போட அவருக்குத் தைரியம் இல்ல மாமா. அதான் போன். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, மேஸ்திரி வரலைன்னு உங்களைக் கைகாட்டிடுவாரு."

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயத்தின் மேல் பழி போட நல்ல வசதி.

"அது இல்லடி. அவங்க இறங்கினா, நாம எப்படி வந்தோம்னு ஊரே பேச ஆரம்பிச்சுடும்."

"பேசட்டுமே. நாம என்ன திருடிட்டா வந்தோம்?"

சமையலறையிலிருந்து அம்மா கரண்டியோடு வந்தாள்.

"கழட்டுடா தம்பி. அது என் மிதவை ஜாக்கெட்ல இருந்த விசில். நாம வந்த படகு கவிழ்ந்தப்போ தண்ணியில நீ அழுதுக்கிட்டுக் கெடந்தே, நான்தான் விடாம ஊதினேன். அதைக் கேட்டுத்தான் கப்பல் திரும்புச்சு. சின்னப் பையன் விளையாடட்டும்னு உனக்குக் குடுத்தேன். விளையாடினது போதும்."

துறைமுகத்தையே அதட்டும் மேஸ்திரி, அக்காவின் கரண்டிக்கு முன்னால் தலையைக் குனிந்து கொடுத்தார். அம்மா விசிலைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினாள்.

"மாமா வேலைக்கு ஆபத்து வந்தா?" என்றேன், கொஞ்சம் தாமதமாக.

"வந்தா நீ வாதாடு. பின்ன எதுக்குப் படிச்சே?"

செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினேன். பின்னாலிருந்து மாமாவின் குரல் துரத்தியது.

"ஏய் வக்கீலு! மூணு தடவை ஊதணும். ஒண்ணோட நிறுத்தினே, டீ குடிக்கப் போயிடுவானுங்க!"

நான் திரும்பவில்லை. கையை மட்டும் தூக்கி மூன்று விரலைக் காட்டிவிட்டு, துறைமுகத்துப் பக்கம் நடந்தேன்.