தங்கம் என்று கூப்பிட்டவர்

இதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவைப் பிற்பாடு மனம் ஒட்டவைத்துக்கொண்டது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அன்றைக்குக் கூண்டுக்குள் அவளுடைய அத்தான் கையில் இருந்தது தட்டா, வாளி மூடியா என்பதுகூட மறந்துபோயிற்று. தட்டு என்றே வைத்துக்கொள்வோம். அவளுடைய கோபத்தைப் பற்றி மட்டும் சந்தேகம் கிடையாது. அந்தப் பருவம் முழுவதும் அது உள்ளுக்குள் கனன்றது, வெளியே புகைகூட வராமல்.

நாரை வளர்ப்பகத்தில் அவளை ஊமைக்கோட்டான் என்பார்கள். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள். வேலை அப்படி. அந்த நாரை இனம் வெளியில் அநேகமாக அற்றுப்போயிருந்தது. மிஞ்சிய முட்டைகளைப் பொரிக்கவைத்து, குஞ்சுகளை வளர்த்து, மறுபடியும் சதுப்புநிலத்தில் விட வேண்டும். குஞ்சு யார் முகத்தைப் பார்த்து வளர்கிறதோ அவர்களையே தன் இனம் என்று நம்பிவிடும். ஆகவே அவள் வெள்ளை அங்கியைத் தலையோடு போர்த்தி, முகத்துக்கு வலைத்துணி கட்டி, வலக்கையில் நாரைத் தலைப் பொம்மையை மாட்டிக்கொண்டுதான் கூண்டுக்குள் போவாள். பொம்மையின் அலகால் மீனைக் கொத்திக் காட்டுவாள். அங்கே பேசக் கூடாது. தும்மல் வந்தால்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓட வேண்டும்.

வளர்ப்பகத்தின் இயக்குநர் அவளுடைய அக்கா கணவர். கணவன் விட்டுப் போனபிறகு அவள் அவர்கள் வீட்டு மாடியறையில்தான் இருந்தாள். அத்தான் நல்லவர், எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். அவரும் அதைக் கேட்டுக்கொண்டே இருக்க விரும்பினார்.

ஒருநாள் சாப்பிடும்போது அக்கா போனை நீட்டினாள். "இவரைப் பாரேன், இந்த வயசுல கொஞ்சல்."

வீடியோவில் அத்தான் கூண்டுக்குள் நின்றார். அங்கி இல்லை, வலைத்துணி இல்லை. காலில் மஞ்சள் வளையம் போட்டிருந்ததால் மஞ்சள் என்றே பெயரான குஞ்சு அவர் விரலிடுக்கிலிருந்து மீனை இழுத்துத் தின்றது. "தங்கம், இங்க வா தங்கம்" என்று கூப்பிட்டார். அது வந்தது.

"எத்தனை தடவை அத்தான்?"

"எப்பவாவதுதான். நாலு பேர் பார்த்தாத்தானே நம்ம வேலை வெளிய தெரியும்."

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிசைந்து பிசைந்து அது கூழாகிவிட்டது. அந்த வீட்டில் அவர் முன் குரல் உயர்த்த அவளுக்கு வாய் வந்ததில்லை. எழுந்து கை கழுவினாள்.

கால்நடை மருத்துவர், நரைத்த தலையும் கறார்ப் பேச்சுமுள்ள அம்மாள், மஞ்சளைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "இதை வெளிய விட்டா நேரா எவன் வீட்டு வாசலுக்காவது போய் நிக்கும். கல்லால அடிப்பான், இல்ல நாய் கடிக்கும். மத்ததுங்க போகட்டும், இது கூண்டுலயே இருக்கட்டும்."

"அதுக்கென்ன குறைச்சல்" என்றார் அத்தான். "வாசல் பக்கம் தனிக் கூண்டு கட்டிடலாம். வர்றவங்க பார்ப்பாங்க."

அவர் முகம் மலர்ந்ததை அவள் பார்த்தாள்.

கடைசி முயற்சியாக மருத்துவரும் அவளும் சாதாரண உடையில் போய்ப் பாத்திரத்தைத் தட்டி மஞ்சளை விரட்டிப் பார்த்தார்கள். மனிதரைக் கண்டால் பயம் வர வேண்டும் என்பதற்காக. அவர்களைக் கண்டு அது ஓடியது உண்மைதான். ஆனால் வேலிக்கு அப்பால் அத்தானின் குரல் கேட்டதும் அப்படியே திரும்பி அவரிடம் போயிற்று. அவர் ஒருவர் இருக்கிறவரை அதற்கு மனிதர் என்றால் மீன்.

"நீங்கதான் விரட்டணும்" என்றாள்.

"நானா? பாவம் அது."

"இயக்குநரே கெடுத்தாருன்னு நான் எழுதிக் கொடுக்கட்டுமா?" என்றார் மருத்துவர். அத்தான் வந்தார்.

இஸ்திரி போட்ட சட்டை, கையில் தட்டும் கரண்டியும். கூண்டுக்குள் கணுக்கால் அளவுத் தண்ணீரில் நின்று மெதுவாகத் தட்டினார். "போ... போ தங்கம், போயிடு." மஞ்சள் துள்ளிக்கொண்டு வந்து அவர் சட்டைப் பொத்தானைக் கொத்திற்று.

"திட்டுங்க அத்தான்."

"திட்டிட்டுத்தானே இருக்கேன்."

"இது திட்டா? தாலாட்டு."

"எனக்கு இப்படித்தான் வரும்." சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் அவளுக்குள் ஏதோ அறுந்தது.

"உங்களுக்குக் கை தட்ட ஆள் வேணும். அக்கா தட்டித் தட்டி ஓஞ்சு போயிட்டா. ஊர்ல எல்லாரும் ஓஞ்சாச்சு. இப்ப இந்த வாயில்லாத ஜீவன் கிடைச்சிருக்கு. உங்களைப் பார்த்துத் தலையாட்டணும்னு ஒரு உசுரை ஆயுசுக்கும் கூண்டுல போடுறீங்க. இதுக்குப் பேரு பாசமா?"

வேலிக்கு வெளியே மருத்துவர் தலையைக் குனிந்துகொண்டார். அத்தானின் கழுத்து சிவந்தது.

"யார் வீட்ல இருந்துக்கிட்டு யாரைப் பேசுற நீ?"

குரலில் நிஜக் கோபம் ஏறியதும் மஞ்சள் கழுத்தை நிமிர்த்தி ஓரடி பின்வாங்கியது. அவள் அதைக் கவனித்தாள். பொய்க் கோபம் அதனிடம் செல்லாது என்று அப்போதுதான் புரிந்தது.

"உங்க வீடுதான். சொல்லிக் காட்டுங்க. அதானே உங்க வழக்கம்."

"சொல்லத்தான் செய்வேன். கட்டினவனே ஒரு வருஷம் தாங்காம ஓடிட்டான். இடம் கொடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

தட்டு பறந்து தண்ணீரில் விழுந்தது. அவர் தண்ணீரை உதைத்தார். மஞ்சள் இறக்கை விரித்து எழும்பி, தடுமாறி, நாணல் புதருக்குள் போய் விழுந்தது. அத்தான் சட்டென்று நிறுத்திவிட்டுப் புதரைப் பார்த்தார். சொன்னது அவருக்கே கேட்டுவிட்டது போலும்.

"நிறுத்தாதீங்க" என்றாள் அவள். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "இன்னும் இருக்குல்ல உள்ள? பேசுங்க. அது கேக்கட்டும்."

அவர் பேசினார். நெடுநேரம் பேசினார், அவளும் விடவில்லை. பழைய கணக்கெல்லாம் வந்தது, அக்காவைப் பற்றியும் வந்தது. புதர் அசையவே இல்லை. மறுநாள் அவர் யாரும் அழைக்காமலே வந்து வேலியோரம் நின்று, தயங்கித் தயங்கி, "தங்கம்" என்றார். மஞ்சள் கூண்டின் எதிர்மூலைக்கு ஓடியது. அவர் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அலுவலகத்துக்குப் போனார்.

அதே வாரம் அவள் மாடியறையைக் காலி செய்தாள். போகாதே என்று யாரும் சொல்லவில்லை.

மஞ்சள் மற்ற குஞ்சுகளோடு சதுப்புநிலத்துக்குப் போயிற்று. அவற்றில் ஒன்று மின்கம்பியில் அடிபட்டுச் செத்தது; அது மஞ்சள் அல்ல. மஞ்சள் அடுத்த ஆண்டு துணையோடு இருந்ததை மருத்துவர் தொலைநோக்கியில் பார்த்தார். பிறகு அவர் ஓய்வு பெற்றார். அத்தான் பெரிய பதவிக்கு மாற்றலாகிப் போனார். அந்த வீடியோ இன்னும் அவர் போனில் இருப்பதாகச் சொல்கிறார்கள். அவள் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறையில் தனியாக இருக்கிறாள், இன்னும் அங்கி போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறாள். அக்கா, அத்தான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துப் போன் செய்கிறாள். சமையல், உடம்பு, மழை என்று பேசுவார்கள். அவரைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.