சமாதானத் தாள்

"ஆடாம நில்லுடி, குத்திரும்."

"குத்தினா குத்தட்டும்க்கா. இதுக்குப் போயா அழுவப் போறேன்?"

போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த தையற்கடையின் ஓரத்தில் தங்கை பூமாலையை நிறுத்திவைத்து, அவள் ரவிக்கைக் கையைத் தைத்துக்கொண்டிருந்தாள் அம்சவள்ளி. தோளருகே ஒரு சாண் கிழிந்திருந்தது. காலையில் புகார் கொடுக்க வந்தபோது, "அப்படியே இருக்கட்டும், அய்யா பாக்கட்டும்" என்று சொன்னவள் அவள்தான். இப்போது, புருஷன் வீட்டுக்குப் போகிறவள் கிழிசலோடு பஸ் ஏறக் கூடாதென்று கடைக்காரரிடம் ஊசியும் நூலும் கேட்டு வாங்கியவளும் அவள்தான்.

பூமாலையின் புருஷன் செல்லக்கண்ணு டீக்கடைப் பக்கம் நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தான். "சட்டம் படிச்ச டீச்சரம்மாவுக்குத் தையலும் வருது பாருங்க மாமா" என்று மாமனாரிடம் உரக்கச் சொன்னான். பெண்களின் அப்பா உத்திராபதி சிரித்துவைத்தார்.

தா.பழூர் பஸ் வந்தது. பூமாலை ஜன்னலோரம் உட்கார்ந்து தலையை வெளியே நீட்டினாள். "யக்கா, பாப்பாவுக்கு முன்பல்லு ஆடுது. வுழுந்ததும் லெட்டர் போடறேன்."

"தலைய உள்ள இழுடி" என்றாள் அம்சவள்ளி. அக்காள் தங்கைக்குச் சொன்ன கடைசிப் பேச்சு அதுதான்.

இருபத்து மூன்றாம் நாள், பூமாலை பருத்திக்கு அடிக்கிற மருந்தைக் குடித்துவிட்டாள் என்று ஆள் வந்து சொன்னது. குடித்தாளா, குடிக்கவைத்தார்களா என்பது அந்த வீட்டுச் சுவருக்குத்தான் தெரியும். இவர்கள் போய்ச் சேரும்போது குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள்.

அம்சவள்ளி பாடாலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். ஊரில் எல்லோருக்கும் டீச்சர். மனு, முதியோர் பென்ஷன், துபாய்க்குக் கடுதாசி, எதுவானாலும் அவள் கையால் எழுதினால் ஆகும் என்று ஒரு பேர். குண்டு குண்டான எழுத்து, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருக்கும்.

அதற்கு முந்தின வருஷம் யூனியன் ஆபீஸில் அவளைப் போன்ற அமைப்பாளர்களுக்கும் மாதர் சங்கத்துப் பெண்களுக்கும் இரண்டு நாள் பயிற்சி நடந்தது. திருச்சியிலிருந்து ஒரு வக்கீலம்மா வந்திருந்தார். "இனிமே பொண்டாட்டிய அடிச்சுக் கொடுமை பண்ணினா அது குடும்ப விஷயம் இல்லைம்மா, குத்தம். புதுச் சட்டம் வந்திருக்கு. மூணு வருஷம் வரைக்கும் உள்ள தள்ளலாம்" என்றார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அம்சவள்ளி எழுந்து கேட்டாள். "எழுதிக் குடுத்துட்டு, அன்னைக்கி ராவு அந்தப் பொண்ணு எங்கங்கம்மா போய்ப் படுக்கும்?"

"வேற எங்க, டீச்சரு வூட்லதான்!" என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. கூடம் முழுக்கச் சிரிப்பு. வக்கீலம்மா மட்டும் சிரிக்கவில்லை. திருச்சியில் ஒரு இல்லம் இருப்பதாகவும், இடம் உண்டா என்று விசாரித்துத் தபால் போடுவதாகவும் சொன்னார். தபால் வரவில்லை. ஆனால் பயிற்சியில் குறித்துக்கொண்டதையெல்லாம் அம்சவள்ளி தங்கையிடம் சொன்னாள். அடி தாங்கித் தாங்கி மரத்துப்போயிருந்த பூமாலைக்கு, அதைக் கேட்டபின்தான் வாய் திறக்கத் தைரியம் வந்தது. ஆவணியில் ஒரு நாள், பிள்ளையை மாமியாரிடம் பறிகொடுத்துவிட்டு, கிழிந்த ரவிக்கையோடு ஓடிவந்து அக்காள் வாசலில் நின்றாள்.

"ரெண்டு நாளுன்னா இருக்கட்டும்" என்றான் அம்சவள்ளியின் புருஷன் நல்லதம்பி. "மூணாம் நாளு ஊரு என்னா பேசும்?" அவன் கெட்டவனில்லை. இருந்தது ஒரே அறை.

மறுநாள் புகாரை அம்சவள்ளிதான் எழுதினாள். இரண்டு பக்கம். செல்லக்கண்ணு ஊர்ச் சரகத்து ஸ்டேஷனில் ரைட்டர் அதை வாங்கி மேலாகப் பார்த்துவிட்டு மேசை மேல் கவிழ்த்துவைத்தார்.

"எழுத்து முத்து முத்தா இருக்கு டீச்சர். கேசு போட்டா அவன் உள்ள போவான். இந்தப் பொண்ணு எங்க போவும்? நீங்க வச்சிக்கிறீங்களா பெரியவரே?"

உத்திராபதி தோள் துண்டைக் கையில் எடுத்தார். "இன்னொண்ணு கட்டிக் குடுக்காம நிக்கிதுங்க. வாழாவெட்டி ஒருத்தி வூட்ல இருந்தா எவன் படி ஏறுவான்?"

ரைட்டர் அம்சவள்ளியைப் பார்த்தார். பூமாலையும் பார்த்தாள். அம்சவள்ளி தரையைப் பார்த்தாள்.

"அப்பறம் என்ன, சமாதானமா எழுதிருவோம்" என்று ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கமாகவே தள்ளினார் ரைட்டர். "நானு எழுதினா கோழி கிண்டினாப்ல இருக்கும். நீங்களே எழுதுங்க, நான் சொல்றேன்."

அவர் சொன்னார். அவள் எழுதினாள். எங்களுக்குள் எந்த மனத்தாங்கலும் இல்லை. கோபத்தில் புகார் கொடுத்துவிட்டேன். என் முழு மனதோடு கணவருடன் போகிறேன்.

பூமாலை பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். அதற்குப் பிறகுதான் ஊசியும் நூலும்.

கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் செத்துப்போனால் ஆர்.டி.ஓ. விசாரிக்க வேண்டும் என்பதும் அந்தப் புதுச் சட்டத்தோடு வந்ததுதான். பூமாலைக்கு ஏழு முடிய இன்னும் நாலு மாதம் இருந்தது. விசாரணைக்கு முதல் நாள் உத்திராபதி மகள் வீட்டுக்கு வந்தார்.

"போனவ போயிட்டா. இருக்கற பேத்திய அவங்க நம்ம கண்ணுல காட்டணும்ல? செல்லக்கண்ணு ஆள் அனுப்பிச் சொல்லிட்டான். தங்கச்சி சொல்லச் சொல்லத்தான் எழுதினேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துரு. மாசம் ஒருக்கா பாப்பாவக் கூட்டியாந்து வுடறானாம். நீ வேற மாதிரி சொன்னியோ, பொய்ப் பத்திரம் எழுதினவன்னு ஒன் வேலைக்கும் சேத்து ஒல வச்சிருவாங்க."

அம்சவள்ளி அவருக்குச் சோறு போட்டாள்.

ஆர்.டி.ஓ. வயதில் சின்னவர். எரிந்து விழவில்லை. தாளை எடுத்து முதலிலிருந்து கடைசி வரை படித்தார். "இது யாரு எழுதினது?"

"நாந்தாங்க சார்."

"உங்க தங்கச்சி சொல்லச் சொல்ல எழுதினீங்களா?"

சுவரோரம் நின்ற உத்திராபதி இருமினார். அவருக்கு அப்பால் செல்லக்கண்ணு, மழிக்காத முகத்தோடு, துக்கம் கொண்டாடுகிறவனாய்க் கைகட்டி நின்றான்.

"இல்லீங்க சார். ரைட்டரு சொன்னாரு, நான் எழுதினேன். அவ ஒரு வார்த்தகூடச் சொல்லல."

"கையெழுத்து அவங்களுதுதானே? படிக்கத் தெரியாதா அவங்களுக்கு?"

"தெரியுங்க. அஞ்சாப்பு முடிச்சவ. படிச்சுப் பாருடின்னேன். நீ எழுதினத நான் என்னாத்தப் படிக்கிறதுன்னு போட்டுட்டா."

குமாஸ்தா எதையோ எழுதி முடித்து, கையெழுத்துக்காகத் தாளை அவளிடம் நீட்டினார். 'தங்கையின் சம்மதத்தின் பேரில் நான் எழுதிக் கொடுத்தேன்' என்று இருந்தது.

"நான் சொன்னது இது இல்லீங்களே."

"எல்லாம் ஒண்ணுதாம்மா. போடுங்க, பின்னால ஆளுங்க நிக்கறாங்க."

அம்சவள்ளி பேனாவை மூடினாள். ஆர்.டி.ஓ. பக்கம் திரும்பினாள். "சார், எனக்கு எழுத வரும். தாளு குடுங்க. நானே எழுதறேன்."

"டீச்சரு அடுத்த பத்திரத்துக்குத் தயாராயிட்டாங்க" என்றான் செல்லக்கண்ணு. ஆர்.டி.ஓ. அவனை வெளியே போய் நிற்கச் சொன்னார். நாலு தாள் கொடுக்கச் சொன்னார்.

வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எழுதினாள். அடித்தாள், திருத்தினாள், மறுபடி எழுதினாள். முதுகில் எத்தனை தழும்பு, எந்த மாதம் எதனால் என்று எழுதினாள். புகாரைக் கவிழ்த்துவைத்ததை எழுதினாள். அப்பா சொன்னதை எழுதினாள். 'அவளை நான் வைத்துக்கொள்கிறேன் என்று அங்கே இருந்தவர்களில் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை' என்று எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டாள்.

உத்திராபதி வெளியே வந்து அவளைக் கடந்து போனார். பஸ்ஸில் இருவரும் வேறு வேறு சீட்டில் உட்கார்ந்தார்கள்.

பாப்பாவை அவர்கள் அதற்குப் பிறகு காட்டவில்லை. ஆர்.டி.ஓ. வழக்குப் போடலாம் என்று எழுதி மேலே அனுப்பினார். ஆறாம் மாதம் அவர் மாற்றலாகிப் போனார். வேலை விஷயமாக அம்சவள்ளிக்கு ஒரு மெமோ வந்தது. பதில் எழுதிக் கொடுத்தாள். அது அப்படியே நின்றது. வழக்கும் நின்றது.

இரண்டு வருஷம் கழித்து, ஸ்டாம்பு ஒட்டி மனுப் போட்டு, அந்த விசாரணைக் கட்டின் நகலை வாங்கினாள். அவள் எழுதியது பதினோராம் பக்கத்தில் தொடங்கி, அடித்தல் திருத்தலோடு அப்படியே இருந்தது. முதல் பக்கம், பூமாலை செத்த அன்று அதே ஸ்டேஷனில் எழுதியது. இறப்புக்குக் காரணம் என்ற இடத்தில், கோழி கிண்டினாற்போன்ற எழுத்தில், 'தீராத வயிற்று வலி' என்று இருந்தது. அதை யாரும் அடிக்கவில்லை.